கூகை கக்கியவை

இருநூற்றுப் பன்னிரண்டாவது உருண்டைக்குள் இருந்த எலும்பு எலியுடையது அல்ல.

பூர்ணிமா அதை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மாசி மாத வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சம்பா அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. தட்டில், வெந்நீரில் ஊறிய ரோமம் கரைந்து சாம்பல் நிறக் குழம்பாகப் பரவிக்கொண்டிருக்க, நனைந்த எலி முடியும் டெட்டாலும் கலந்த வாடை அறை முழுக்க நின்றது. மூன்று வருடத்தில் அவளுக்குப் பழகிப்போன வாடைதான். ஆனால் அன்றைக்கு அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. வெற்றிலையும் புகையிலையும் மென்று துப்பிய வாடை.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு அறைக் கட்டடம்தான் ஆராய்ச்சி நிலையம். டெல்டா வயல்களில் கூகைகள் எதைத் தின்கின்றன, எவ்வளவு தின்கின்றன என்று கண்டுபிடிப்பது பூர்ணிமாவின் வேலை. கூகை, அந்த வெள்ளை முக ஆந்தை, எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி, கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டையாகக் கக்கிவிடும். கூகை உட்காருவதற்காக வயலில் நட்ட குறுக்குக்கம்பு வைத்த மூங்கில் கழிகளைப் பறவை தாங்கி என்பார்கள். அவற்றின் அடியில் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கிவந்து பிரித்தால், முந்தின இரவின் வேட்டை முழுவதும் தட்டில் வந்துவிடும். எலியின் தொடை எலும்பையும் மூஞ்சூறின் மண்டையையும் தவளையின் இடுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே அவளால் சொல்ல முடியும்.

இந்த எலும்பு ஒரு அங்குலத்துக்கும் குறைவு. நடுவில் ஒடுங்கி, நுனியில் குட்டி மண்வெட்டி போல விரிந்திருந்தது.

"என்ன எலும்புங்கம்மா அது?"

அகிலாண்டம் காலி வாளியோடு வாசலில் நின்றிருந்தாள். தினமும் விடிந்ததும் தாங்கி தாங்கியாகப் போய் உருண்டைகளைப் பொறுக்கிவருவது அவள்தான்.

"பெருச்சாளியோடது அக்கா."

"பெருச்சாளிக்கு இப்படியா இருக்கும்?"

"இருக்கும்."

அகிலாண்டம் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பூர்ணிமா பதிவேட்டில் 'அடையாளம் தெரியாதது' என்று எழுதினாள். தாங்கி எண் ஒன்பது.

ஒன்பதாம் தாங்கி இருக்கும் துண்டு வயலின் எண்ணைப் பார்த்தாலே அவள் இப்போதெல்லாம் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

கார்த்திகையில், சம்பாவில் கதிர் பொதி கட்டும் நேரத்தில், அந்த வயலில்தான் புது எலி மருந்தைச் சோதித்தாள். நீலச் சாயம் தோய்த்த அரிசி. தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் நடமாடி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். மருந்து வைப்பதற்கு முன் ஊருக்குச் சொல்ல வேண்டும், எச்சரிக்கைப் பலகை நட வேண்டும், அந்தப் பக்கத்தில் யாரும் எலி பிடிக்கக் கூடாது என்று விதி. ஆனால் சொன்னால் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் வரமாட்டார்கள். பொறியில் விழுகிற எலிக் கணக்கு நின்றுபோகும், மூன்று வருட ஆராய்ச்சியில் ஒரு பெரிய ஓட்டை விழும். அதனால் பலகையைப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டாள்.

அகிலாண்டத்தின் புருஷன் சாமிதுரை கிட்டி வைப்பவர். மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, நடுவில் இரை வைத்த பொறி. ஒரு விடியலில் அவர் எலிகளைக் கோர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தார். "பொங்கலுக்கு முன்னாடியே நமக்குக் கறிங்கம்மா" என்று, வெற்றிலைக் கறை படிந்த பல் தெரியச் சிரித்தார். கோர்வையில் தொங்கிய ஒரு எலியின் வாயோரம் நீலமாக இருந்தது. பூர்ணிமா பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாத்துப் போங்கண்ணே, வரப்பு வழுக்குது" என்றாள்.

அதன்பின் அடுத்தடுத்து எத்தனையோ நாள் அவர் அதே வரப்பில் வந்தார்.

அகிலாண்டம் எலிக்கறி தொடமாட்டாள். அவருக்கு மட்டும் சமைத்துக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போன் செய்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. "பல்லுலேருந்து ரத்தம் நிக்கவே மாட்டேங்குதும்மா. நீங்க படிச்சவங்க, என்னான்னு பாத்துச் சொல்லுங்க." என்ன என்று பூர்ணிமாவுக்குத் தெரியும். எந்த ஊசி போட்டால் நிற்கும் என்பதும் தெரியும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற சாதாரண வைட்டமின் ஊசி. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

"டெங்குவா இருக்கும்க்கா. டாக்டருங்க பாத்துக்குவாங்க" என்றாள்.

மறுநாள் புது ஆற்றங்கரை இடுகாட்டில், குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்றிவிட்டு, சாமிதுரையைப் புதைத்தார்கள். அடுத்த மாதமே அகிலாண்டத்துக்கு நிலையத்தில் இந்த வேலையைப் போட்டுக்கொடுத்தாள். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அகிலாண்டம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கைகளின் சூடு பூர்ணிமாவின் விரல்களில் வெகுநேரம் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் இருந்தது.

இரண்டாவது எலும்பு மறுநாள் வந்தது. நான்காம் நாள் மூன்று எலும்புகள், எல்லாம் ஒன்பதாம் தாங்கியிலிருந்து. ஒன்றைத் தன் ஆள்காட்டி விரலின் நடுக்கணு மேல் வைத்துப் பார்த்தாள். அளவு பிசகவில்லை.

ஆறாம் நாள் வந்த எலும்பின் ஒரு முனை மொட்டையாக, வெட்டி ஆறியதுபோல் உருண்டிருந்தது. சாமிதுரையின் வலது ஆள்காட்டி விரல் நுனியை எப்போதோ அறுப்பில் அரிவாள் கொண்டுபோயிருந்தது. அந்த மொட்டை விரலால்தான் கிட்டியில் இரையை அழுத்தி வைப்பார்.

அவள் அதைக் கழுவித் துடைத்து மாத்திரை டப்பாவுக்குள் மற்றவற்றோடு போட்டாள். பதிவேட்டில் எழுதினாள். அடையாளம் தெரியாதது.

தஞ்சாவூரிலிருந்து திட்டத் தலைவர் ரகுராமன் போன் செய்தார். "என்னம்மா, ஒரே வாரத்துல பதினோரு எலும்பு அடையாளம் தெரியலைன்னு போட்டிருக்கே?"

"முயலா இருக்கலாம் சார்."

"போட்டோ அனுப்பு, பாக்கலாம்."

"நனைஞ்சு ஒடைஞ்சிடுச்சு சார்." போனை வைத்தபோது டப்பா மேசையில் இருந்தது. அவள் தொடவில்லை. உள்ளே ஏதோ ஒன்று உருண்டு நின்ற சத்தம் கேட்டது.

நாய் தோண்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நரி இழுத்துப் போட்டிருக்கும், எலி கடித்திருக்கும், எலியைக் கூகை தின்றிருக்கும். ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். அதை நேரில் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று உச்சி வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. காற்று இல்லை, ஆடு மாடு இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. சாமிதுரையின் மேட்டின் மேல் அருகம்புல் அடர்ந்து, வேரோடி, கெட்டிப்பட்டிருந்தது. விரல் நுழைகிற அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. சுற்றி வந்தாள். இன்னொரு முறை சுற்றினாள். மண் யாரும் தொடாத மண்.

புல்லின் மேல் மட்டும், இன்னும் ஈரம் காயாமல், பளபளவென்று ஒரு கருப்பு உருண்டை.

சுற்றுவட்டத்தில் மரமே இல்லை. கூகை உட்கார இடமே இல்லை.

அன்று சாயங்காலமே ஆள் வைத்து ஒன்பதாம் தாங்கியைப் பிடுங்கிப் போடச் சொன்னாள். மறுநாள் காலை நிலையத்தைத் திறந்தபோது, பூட்டியிருந்த அறைக்குள், அவளுடைய மேசையில், தட்டின் நடுவில் ஓர் உருண்டை இருந்தது. அதை அவள் பிரிக்கவில்லை. காகிதத்தில் சுற்றி வாய்க்காலில் எறிந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் தலைக்கு மேல், கூரைத் தட்டிக்குப் பின்னால் அந்தச் சத்தம் தொடங்கியது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, தொண்டையிலிருந்து எதையோ மேலே மேலே தள்ளுகிற சத்தம். பட்டப்பகலில். விட்டு விட்டு. மத்தியானம் வரைக்கும்.

அகிலாண்டம் அன்று வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் வராதபோது, சொல்லிவிடுவது என்று பூர்ணிமா முடிவு செய்தாள். என்ன ஆனாலும் ஆகட்டும். வேலை போகட்டும், போலீஸ் வரட்டும். மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதை அந்த அம்மாள் காலடியில் கொட்டிவிட்டால் போதும். மாத்திரை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினாள்.

தெருக்கோடியில் தனியாக இருந்தது அந்த ஓட்டு வீடு. வாசல் தெளித்திருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே ஒரு பல்பு, மங்கலாக. வெற்றிலையும் புகையிலையும் மென்ற வாடை வாசலுக்கே வந்தது.

"வாங்கம்மா" என்றாள் அகிலாண்டம் திரும்பிப் பார்க்காமலே. "வருவீங்கன்னு தெரியும்."

தரையில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. அதன் மேல் எலும்புகள். மணிக்கட்டு கீழே, விரல்கள் மேலே, ஒவ்வொன்றாக அடுக்கி, நடுநடுவே இடைவெளி விட்டு. ஒரு வலது கை.

"நான் எடுத்தது பதினஞ்சு. எல்லாத்தையும் ஒங்ககிட்ட குடுக்கலை, மன்னிச்சுக்குங்க. ஒங்க கையில பதினொண்ணு இருக்கும்."

பூர்ணிமாவின் கை தானாகப் பைக்குள் போனது. டப்பாவை எடுத்து நீட்டினாள். அகிலாண்டமே வாங்கித் திறந்தாள். ஒரு எலும்பைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், எது எங்கே என்று யோசிக்காமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். கடைசியாக அந்த மொட்டை எலும்பு.

கை முழுசாகிவிட்டது.

"அக்கா." பூர்ணிமா மண்டியிட்டாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி ஆஸ்பத்திரிலேருந்து நீங்க போன் பண்ணப்ப..."

"வேணாங்கம்மா."

"இல்லக்கா, நான் சொல்லித்தான் ஆகணும்..."

"மூணு மாசமா சொல்லலையே. இப்ப நீங்க சொல்லவேணாம்." அகிலாண்டத்தின் குரலில் கோபம் இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல். "அவருதான் வந்துக்கிட்டிருக்காரே. கை வந்துருச்சு. வாயும் வரட்டும். அவரே சொல்லட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டு மேலே பார்த்தாள்.

பூர்ணிமாவும் பார்த்தாள்.

கூரைச் சட்டத்தில் வரிசையாக வெள்ளை முகங்கள். ஏழு. ஒன்றும் அசையவில்லை. ஏழும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் இருந்தது மட்டும் கழுத்தை நீட்டியது. வாயைப் பிளந்தது. தொண்டை உப்பியது. இன்னும் உப்பியது. அந்தக் கழுத்துக்குள் அவ்வளவு பெரியது இருக்க முடியாது. பூர்ணிமாவுக்குத் தெரியும். எந்தக் கூகைக்கும் முடியாது.

பொத்தென்று விழுந்தது.

ஈரம். ரோமம். தேங்காய் அளவு.

பூர்ணிமா மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது.

அகிலாண்டம் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பதறாமல், பூர்ணிமா கற்றுக்கொடுத்தபடியே, இரண்டு கட்டைவிரலாலும் மெல்லப் பிரித்தாள். முடி விலகியது. பல் தெரிந்தது. வெற்றிலைக் கறை. இன்னொரு பல். முழுத் தாடை.

அதைப் புடவை முந்தானையால் துடைத்தாள். வேட்டியின் தலைமாட்டில் வைத்தாள்.

வெளியே இருட்டிவிட்டது. எங்கும் ஒரு சத்தம் இல்லை.

அகிலாண்டம் குனிந்தாள். கூந்தலை ஒதுக்கிக்கொண்டு, தாடையின் அருகே காதை வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

வேட்டியின் மேல் தாடை அசைந்தது. மெல்ல. பிறகு வேகமாக.

அகிலாண்டம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டபடியே, தலையைத் தூக்காமல், கண்களை மட்டும் உயர்த்தி, பூர்ணிமாவைப் பார்த்தாள்.