ஐந்தடி விலகிய குழாய்

காலை எட்டு மணிக்கே கைசா லெய்னோ, ரூத் டால்பெர்க்கின் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். டுலூத் நகருக்கு வெளியே எழுந்துவரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கைசா நில அளவையாளர். கட்டுமானத் தகராறுகளில் உண்மையைக் கண்டறிவது ரூத்தின் தொழில்.

அந்த நிலையத்தில் எதையும் கணினியில் முப்பரிமாண மாதிரியாக எழுப்பிப் பார்த்த பிறகே கட்டுவார்கள். பெரிய தொட்டி ஒன்றின் அடித்தளமும் சுவரும் முடிந்திருந்தன. நேற்று பம்பு அறையின் மாதிரியை அதோடு சேர்த்தபோது, குழாய் சுவரின் துளைக்கு நேராக வரவில்லை. மேற்கே ஐந்தடி, தெற்கே ஓரடி விலகல். தொட்டிக்குக் கைசா முளையடித்துக் குறித்த இடமே தவறு என்று மேலாளர் ஹேகன் முடிவு கட்டிவிட்டார்.

"மதியம் தொட்டிய உடைக்கிறாங்க. எனக்கும் இன்னிக்கோட வேலை முடிஞ்சது," என்றாள் கைசா.

ரூத்தின் உதவியாளர் நார்ம், முப்பது வருடம் குழாய் பொருத்தியவர். யாரோ முளையை நகர்த்தியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் மூவரும் கட்டுமான இடத்துக்குப் போய், சாலையோர எல்லைக் கல்லிலிருந்து அவரே அளந்தபோது, தொட்டி இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

ரூத் ஹேகனின் கணினி முன் அமர்ந்து, இரண்டு மாதிரிகளின் அளவுக் குறிப்புகளையும் திறக்கச் சொன்னாள். தொட்டியினுடையதில் 'சர்வே அடி' என்றிருந்தது. பம்பு அறையினுடையதில் வெறும் 'அடி'.

"அடின்னா அடிதானே?" என்றார் நார்ம்.

"சர்வே அடி சாதா அடிய விட மயிரிழை கூடுதல் நீளம், நார்ம். பத்து லட்சம் அடிக்கு ரெண்டடி வித்தியாசம் வரும். மாநில வரைபடத்துக்கு அளவு தொடங்குற கற்பனைப் புள்ளியிலேர்ந்து நாம கிழக்கே இருபத்தஞ்சு லட்சம் அடி, வடக்கே அஞ்சு லட்சம் அடி தள்ளி இருக்கோம். கணக்குப் போடுங்க," என்றாள் ரூத்.

நார்ம் விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு... ஒண்ணு. அட, அதே விலகல்!"

"கை தவறினா இவ்வளவு சரியா தவறாது. எல்லைக் கல்லும் சர்வே அடியிலதான் நட்டது. அதனால தொட்டி சரி, பம்பு அறைதான் தப்பு."

ஹேகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த மாதிரிய சாதா அடின்னு ஏத்தினது நான்தான்," என்றார் மெல்ல.

பம்பு அறைக்கு இன்னும் ஒரு கைப்பிடி கான்கிரீட்கூட ஊற்றவில்லை. திரையில் அதை நகர்த்தியதும் குழாய் துளைக்குள் நேராகப் போய் நின்றது. உடைக்க வந்த இயந்திரம் திரும்பிப் போனது. கைசா ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டாள். பிறகு பம்பு அறைக்குப் புது முளையும் சம்மட்டியும் எடுத்து வந்தாள்.

ஹேகன் தாமாகவே மண்டியிட்டு முளையைப் பிடித்தார்.

"கைய எடுத்துக்கணுமா?"

"வேண்டாம், பிடிங்க," என்றாள் கைசா. "எனக்குக் குறி தப்பாது."