தொட்டித் தண்ணீர்

ஆஸ்பத்திரியிலிருந்து மகன் ரிகுவைத் தூக்கிக்கொண்டு சிசுரு கணவனின் பூர்விக வீட்டுக்கு வந்தபோது, கணவனின் அத்தை ஃபுமியே வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். விடாத மழை. வைக்கோல் பாய்களில் ஈர வாடை.

சாதாரணச் சளிக்காய்ச்சலாகத்தான் தொடங்கியது. அது விட்டபின் ரத்தக் குழாய்கள் வீங்கின. கண் சிவந்தது, நாக்கு தடித்தது. காவாசாகி நோய் என்றார்கள். இதயத்துக் குழாய்கள் தப்பினவா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். சிசுருவுக்கு வேறு நினைப்பே இல்லை.

ரிகுவின் விரல் நுனிகளில் தோல் உரியத் தொடங்கியது.

"உரியட்டும் விடு. தேறுறான்னு டாக்டரே சொன்னாருல்ல," என்றாள் ஃபுமியே. "உன் மூஞ்சியப் பாத்தா நீதான் நோயாளி மாதிரி இருக்கே."

அந்த வீட்டு வழக்கப்படி, வெளியே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒரே வெந்நீர்த் தொட்டியில் ஒருவர்பின் ஒருவராக இறங்கி ஊறுவார்கள். முதலில் ரிகு, கடைசியில் சிசுரு. அந்தத் தண்ணீரை வடிக்காமல் மறுநாளும் சூடாக்கினாள் ஃபுமியே.

ஒரு மாலை சிசுரு தொட்டியின் மூடியைத் திறந்தாள். புளித்த கஞ்சி நெடி. கலங்கிய நீரில் வெள்ளைச் சவ்வுகள் மிதந்தன. சிறு வலையால் அவற்றை அள்ளினாள்.

ஒன்று பெரிதாக வந்தது.

ஐந்து விரலும் மணிக்கட்டுமாக, கையுறைபோல் கழன்ற முழுத் தோல். நகங்களும் இருந்தன. ரிகுவின் நகங்களைக் காலையில்தான் ஒட்ட வெட்டியிருந்தாள். இவை நீண்டு கறுத்திருந்தன.

"அத்தை, இது யாரோடது?"

கதவருகே நின்ற ஃபுமியேயின் முகத்தில் வியப்பில்லை.

"என் தம்பி யோஷியோவுக்கும் இதே நோவுதான். அப்ப இதுக்குப் பேரே கிடையாது. இந்தத் தொட்டியிலயே நெஞ்சு நின்னுபோச்சு." குரலைத் தாழ்த்தினாள். "ரிகு வந்தப்புறம்தான் அவனுக்கும் உரியுது. தேறுறான். தண்ணிய வடிச்சிடாதே, சிசுரு."

சிசுரு அடைப்பானைப் பிடுங்கினாள்.

நீர் இறங்கவில்லை.

துளைக்குள் விரலை விட்டாள். கொழகொழவென்று, வெதுவெதுப்பாக ஏதோ சுற்றிக்கொண்டது. இழுத்தாள். வீங்கிய சதைக் குழாய் முழம் முழமாக வந்தது.

அது துடித்தது.

பிறகு கையிலிருந்து வழுக்கி உள்ளே போயிற்று. தொட்டி ஒரே மடக்கில் காலியானது.

சிசுரு அறைக்கு ஓடினாள். ரிகு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, உன் கை நாறுது."

அவன் மார்பில் காதை வைத்தாள். இதயம் சீராக, பலமாக அடித்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சற்றே பின்தங்கி, இன்னொன்றும் அடித்தது.