ஒப்பாரியில் வந்த பெயர்

அடுப்பு பற்றும் முன்பே லியாகோஸ் ஆரம்பித்துவிட்டான். உள்நாட்டுப் போரில், தைகெத்தோஸ் மலைச் சண்டையில், காலமான அவன் அண்ணனின் மகள் அர்கிரோ செத்துவிட்டாள் என்று அரசாங்கக் காவல்படை சொல்லிவிட்டுப் போயிருந்தது. கெரில்லாக் கூட்டத்தோடு ஓடியவளுக்கு இந்த வீட்டில் யாரும் அழக் கூடாது என்றான்.

அவன் அண்ணி, அர்கிரோவின் தாய் பரஸ்கேவி, அடுப்பில் விறகைத் தள்ளினாள். இரண்டு வருடமாக அவள் எதற்குத்தான் பதில் சொன்னாள்? அப்போது அவள் மகன் பெத்ரோஸ் காவல்படைக்குப் பயந்து மலைக்குகையில் ஒளிந்திருந்தான். ரொட்டி கொண்டுபோன அக்காக்காரி அர்கிரோ, ஒரு காவல்படைக்காரனிடம் பல்லிளித்து இடத்தைச் சொல்லிவிட்டாளாம். தம்பி சுடப்பட்டதும் வெட்கம் தாங்காமல் ஓடிவிட்டாளாம். ஊர் முழுக்க இதுதான் பேச்சு. லியாகோஸின் மகள் வெனெத்தியா பெரியம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்த பெண். அவள்கூட அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உண்மையில் காவல்படையைக் குகைக்குக் கூட்டிவந்தவன் லியாகோஸ். புதரில் பதுங்கியிருந்த அர்கிரோ அதைக் கண்ணால் பார்த்தாள். "இந்த வீட்டுல பொம்பளைக்குத் துப்பாக்கி தரமாட்டாங்கம்மா. மலையில தர்றாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அர்கிரோ பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் சித்தப்பன் அவளை உயிரோடு விடமாட்டான். அதனால் எல்லாப் பழியையும் தாய் விழுங்கினாள்.

இனி யாருக்காக விழுங்க வேண்டும்?

பரஸ்கேவி முற்றத்துக்கு வந்து கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். பெண்கள் கூடிவிட்டார்கள். இந்த மானி மண்ணில் ஒப்பாரி தொடங்கிவிட்டால் எந்த ஆண்பிள்ளையும் குறுக்கே பேசக் கூடாது.

"ரொட்டி சுமந்த மகளே... பழி சுமந்த மகளே...
தம்பியைக் கொன்ன வாய் உன் வாயில்லையே...
ஒலிவத் தோப்புக்கு வாரிசு வேண்டாம்னு
லியாகோஸ் திறந்த வாயடி அது..."

பக்கத்தில் நின்ற ஆண்கள் லியாகோஸை விட்டு விலகினார்கள். ஒப்பாரியில் ஒருவன் பெயர் வந்துவிட்டால் அது ரத்தப் பழி, யாராவது தீர்த்தே ஆக வேண்டும். ஆனால் அவன் நெஞ்சழுத்தக்காரன். ஒப்பாரி ஓயும்வரை காத்திருந்து நிதானமாகக் கேட்டான்.

"பழி தீர்க்க உங்களுக்குன்னு யார் இருக்கா அண்ணி?"

வீட்டுக்குள்ளிருந்து வெனெத்தியா வந்தாள். பத்தொன்பது வயது. தோளில் அப்பாவின் துப்பாக்கி. நேரே வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ரெண்டு வருஷமா உங்க மூஞ்சியைக்கூடப் பார்க்காம இருந்தேனே பெரியம்மா... அக்கா இடம் மலையில காலியா இருக்கும். அவ எந்த வழியா போனா, சொல்லுங்க."

லியாகோஸின் முகம் வெளுத்தது. மகள் கையைப் பிடித்தான், அவள் உதறினாள். அவன் அண்ணி முன்னால் மண்டியிட்டான்.

"எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான் அண்ணி. நீங்க வேண்டாம்னா கேப்பா. ஒரு வார்த்தை..."

கேட்பாள்தான். பரஸ்கேவிக்கும் அது தெரியும். பெத்ரோஸுக்காக எவனாவது ஒரு வார்த்தை பேசினானா என்று நினைத்தபோது அவள் அழுகை நின்றுபோனது. பெண்ணின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"ஓடையைத் தாண்டி இடது பக்கமா ஏறும்மா. மேல குளிரும், போர்வை எடுத்துக்கோ."