துவைக்காத சட்டை

காலையில் பெருக்கிவிட்டுப் போன வீட்டில் சாயங்காலம் சாம்பல் படிந்திருப்பது எண்ணூரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஜன்னலை எத்தனை இறுக்கிச் சாத்தினாலும், கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்தாலும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் விடுவது பொழுதன்றைக்கும் உள்ளே வந்து கட்டில், டிவி, சாமி படம் என்று பாகுபாடில்லாமல் மாவு சலித்தாற்போல உட்கார்ந்துவிடும். இறால் கம்பெனியில் நாள் முழுக்கத் தோலுரித்துவிட்டு வந்த பவானி, சுனாமி குடியிருப்பின் இரண்டாவது மாடியில் தன் வீட்டுப் பூட்டைத் திறந்ததும் வழக்கம்போல விளக்குமாற்றைத்தான் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். சாம்பலின் மேல் ஈரக் காலடிகள் இருந்தன.

வெறுங்கால். ஆம்பளைக் கால். வாசலில் தொடங்கி, அடுப்படியைத் தாண்டி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் இடுக்கு வரைக்கும் போயிருந்தன. திரும்பி வந்ததற்குத் தடம் இல்லை. இடது காலில் கட்டைவிரல் மட்டும் தனியாக விலகிப் பதிந்திருந்தது. படகில் கயிறு சுற்றி முறித்த விரல் அது. அதற்கு மஞ்சள் பற்றுப் போட்டவளே அவள்தான். குமாரவேலின் கால் அவளுக்குத் தெரியாதா?

குமாரவேல் அவள் புருஷன். தை மாதத்தில் கடலுக்குப் போனவன். படகு கவிழ்ந்து, கூடப் போனவர்கள் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காததைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கு விடியுமுன் அவன் முந்தின நாள் சட்டையோடேயே கிளம்பினான். கவிச்சி நாறுது, கழட்டிப் போடு என்று அவள் படுத்தபடியே சிடுசிடுத்தாள். அவனும் கோபத்தில் சட்டையைக் கழற்றி அவள் மேலேயே வீசிவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று "வரேன்" என்றான். அந்தக் குப்பத்தில் கடலுக்குப் போகிறவனிடம் "போயிட்டு வா" என்பார்கள். எவ்வளவு பெரிய சண்டையானாலும் அந்த "வா" மட்டும் தானாக வாயில் வந்துவிடும். பவானி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு "போ" என்றாள். பாவி, இன்னும் ஒரு எழுத்து சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்?

அந்தச் சட்டை அன்றிலிருந்து துவைக்காமல் தலைமாட்டிலேயே கிடந்தது. பங்குனியில் காலடிகளைப் பார்த்த அன்று அதை மடியில் போட்டுக்கொண்டு, லைட்டுகூடப் போடத் தோன்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீர் லாரியைச் சுற்றிக் குடங்கள் மோதும் சத்தமும், நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகர முடியாமல் பெருமூச்சு விடும் சத்தமும், அதற்கும் அப்பால் நிலக்கரி இறக்கும் இரைச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கேட்டது. சொட்டு. கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. குழாய் மூடித்தான் இருந்தது. சத்தம் இடுக்கிலிருந்து வந்தது. உப்பும் டீசலும் அழுகின பாசியும் கலந்த வாடை மெல்ல அறையை நிரப்பியது.

"வான்னு சொல்லலியேமே நீ."

அவன் குரல்தான். தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கரகரப்பு மட்டும் கூடுதல். அவளுக்கு முதலில் பயம் வந்தது. பயத்தை முந்திக்கொண்டு சந்தோஷம் வந்துவிட்டது, அதுதான் வெட்கக்கேடு. "வா" என்றாள். "வாயா. வந்துடு."

அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரமானால் அவன் வந்துவிடுவான். முகத்தை அவள் பார்த்ததில்லை. பாதி வெளிச்சத்தில் பாதங்கள் தெரியும், ஊறி வெளுத்தவை. அதற்கு மேலே இருட்டு. அவன் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. விளக்கு ஏற்றாதே, கண் கூசுது என்றான். ஏற்றவில்லை. சாயங்கால ஷிப்டுக்குப் போகாதே, நான் வந்து தனியா நிக்கிறேன் என்றான். கம்பெனியை விட்டாள். காலடிப்பேட்டையில் குடியிருந்த தங்கை குணசுந்தரி வந்து போனால் அன்றைக்கு முழுக்க அவன் பேச மாட்டான். கெஞ்சிக் கேட்டால், அவ வந்தா எனக்கு மூச்சு முட்டுது என்பான். மூச்சே இல்லாதவனுக்கு என்ன முட்டும் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தங்கை போன் செய்தால் எடுப்பதை நிறுத்தினாள்.

ஒரு தடவை அவள் தயங்கினாலும் போதும், இடுக்கிலிருந்து பெருமூச்சு வரும். "நீ போன்னு சொன்னே, நான் போனேன். வேற இன்னா பண்ணேன் நானு?" அவன் கேட்டதை அவள் செய்துவிடுவாள்.

முதல் நாளிலேயே அவன் கேட்டது ஒன்று உண்டு. அந்தச் சட்டை.

"தொவைக்காதமே. போட்டுக்கோ. நான் உன்னக் கட்டிகினு கீறாப்பல இருக்கும்."

போட்டுக்கொண்டாள். தூங்கும்போதும் சமைக்கும்போதும் அதுதான். சித்திரை வெயிலில் முதுகெல்லாம் நனைந்து ஒட்டினாலும் கழற்றவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் எல்லாம் கரையில் சும்மா நின்றன. குப்பத்து ஆம்பளைகள் வீட்டில் இருந்தார்கள். அடுத்த வீட்டில் சிரிப்பு, சண்டை, வறுத்த நெத்திலி வாசம். இவள் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. எது தின்றாலும் உப்புக் கரித்தது. தலையில் கை வைத்தால் முடி கொத்தாக வந்தது. ஆனாலும் அவன் வராத பகலைவிட அவன் வருகிற சாயங்காலம் பரவாயில்லை என்று இருந்தது. தனிமை மனுஷியை அவ்வளவு மலிவாக்கிவிடும்.

வைகாசிக் கடைசியில் கதவைத் தட்டித் தட்டி ஓயாமல் குணசுந்தரி உள்ளே வந்துவிட்டாள். கூடவே குமாரவேலின் தம்பி வெற்றி. அக்காவைப் பார்த்ததும் தங்கை ஓடி வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, மாமா வாசனைன்னு இத்தயே போட்டுகினு கீறியே. இதுல மாமா வாசனையே இல்லக்கா. உன் வாசனதான் கீது."

பவானி அதைக் காதில் வாங்கவில்லை. வெற்றி தலையைக் குனிந்துகொண்டு வந்த விஷயத்தைச் சொன்னான். தடைக்காலம் முடிந்து படகு இறங்கப்போகிறது. கடலில் போனவனுக்குக் காரியம் செய்யாமல் படகு இறக்கக் கூடாதென்று ஊர் சொல்கிறது. உடம்பு கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் ஒரு முறை உண்டு. வைக்கோலில் ஆள் கட்டி, போனவனின் சட்டையைப் போட்டுக் கரையில் கொளுத்துவார்கள். ஆனால் தண்ணீர் படாத சட்டையாக இருக்க வேண்டும். போட்டவனின் வேர்வை அதில் ஊறியிருக்க வேண்டும். வேர்வைதான் உடம்பு. அது எரிந்தால் ஆள் கரையை விட்டுப் போய்விடுவான். அவனுடைய மற்ற சட்டைகள் எல்லாம் துவைத்து மடித்துப் பீரோவில் இருந்தன. துவைக்காதது இது ஒன்றுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பினாள். படியிறங்குமுன் குணசுந்தரி திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா பூட்டாருக்கா. நீயாவது எனுக்கு வோணும்."

அன்றைக்கு அவன் சீக்கிரமே வந்துவிட்டான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தரையெல்லாம் தண்ணீர்.

"குடுத்துறாதமே," என்றான். "அத்தக் குடுத்தா நான் பூடுவேன். இன்னொரு வாட்டி என்னப் போன்னு சொல்லாத. உன் கால்ல வுழறேன், குடுக்காத."

கெஞ்சினான். அழுதான். எத்தனையோ நாளாக அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டவள், அன்றைக்குத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தங்கை பிடித்த இடத்தில் சூடு இன்னும் இருந்தது. உயிருள்ள ஒரு கையின் சூடு. எவ்வளவு காலமாயிற்று! பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது. சட்டையைக் கழற்றினாள். வெளியே போய்க் கீழே இன்னும் காத்து நின்ற வெற்றியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது "அவருக்குச் சொல்லு, போயிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். இப்போது "வா" சொல்லக் கூடாது அல்லவா. நிஜமாகவே போக வேண்டியவன்.

வீட்டுக்குள் திரும்பியபோது இடுக்கில் அழுகை நின்றிருந்தது. வேறு ஏதோ சத்தம், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதுபோல. அதுவும் அழுகைதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று தங்கை வீட்டில் படுத்தாள். ரசம் சோறு சாப்பிட்டாள், கரிக்கவில்லை. குணசுந்தரி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அடுத்த மாசம் கம்பெனிக்குத் திரும்பிப் போகலாம், இல்லையென்றால் இரண்டு பேருமாகக் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத் தூங்கினாள்.

காலையில் கரை. கடல் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஊர்க்காரர்கள் வைக்கோல் ஆளை மணலில் கிடத்தியிருந்தார்கள். சட்டையைப் போட்டுப் பொத்தான்கூட மாட்டியிருந்தார்கள். வெற்றி நெருப்பு வைத்தான்.

வைக்கோல் சடசடத்தது. பவானிக்கு நெஞ்சு சுட்டது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பதால் இருக்கும் என்று ஓரடி பின்னால் போனாள். சூடு குறையவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது. மேல் பொத்தானில் சுற்றிக்கொண்டு, காற்றில் ஆடி, நுனியில் பொறி பிடித்து மேலேறுகிற ஒரு நீள முடி.

அவள் முடி.

கழுத்துப்பட்டையில் படிந்திருந்த எண்ணெய். அவளுடையது. அக்குளில் வெளுத்த உப்பு. அவளுடையது. பங்குனி, சித்திரை, வைகாசி. அத்தனை வேர்வையும்.

தொவைக்காதமே. போட்டுக்கோ.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். புகைதான் உள்ளே போனது. சட்டை கருகிச் சுருண்டு விழுந்தது. முதுகு, தோள், கை, எங்கும் எரிச்சல். யாராவது தண்ணீருக்குள் தள்ளினால் போதும் என்றிருந்தது. நல்லவேளை, முழுக்குப் போட நேரமாயிற்று. பெண்கள் அவளைக் கடலுக்குள் நடத்திப் போனார்கள். தங்கை கையைப் பிடித்திருந்தாள். முங்கினாள். குளிர்ச்சி. இன்னும் ஒரு முங்கு. எரிச்சல் எல்லாம் அடங்கியது. ஒரு அலை வந்தது, கை நழுவியது, அவ்வளவுதான். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

முழுகியவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். பவானி கரையேறி நடந்தாள். பின்னால் ஒரே கூச்சல். தண்ணீரில் யாரோ குதிக்கிற சத்தம். தங்கை அவள் பேரைச் சொல்லி அலறுவதுபோல் இருந்தது. காரியம் நடக்கிற இடத்தில் அலறல் இருக்கும்தான். முறையை மீறக் கூடாது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். நேரம் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் வந்தார்கள், மாரில் அடித்துக்கொண்டார்கள், அழுதார்கள், எழுந்தார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தியும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள், அதுதானே வழக்கம். இதில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் குணசுந்தரி மட்டும் இருந்தாள். புடவை சொட்டச் சொட்ட. கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய வுட்டுட்டேனே," என்றாள், யாரிடமும் இல்லாமல். "ஐயோ அக்கா. கைய வுட்டுட்டேனே."

"நான் இங்கதான்டி கீறேன்," என்றாள் பவானி.

தங்கை நிமிரவில்லை.

தொட்டாள். தெரியவில்லை. கத்தினாள். தெரியவில்லை. தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் சாம்பலில் ஈரக் காலடிகள். சின்னக் கால். உள்ளே வந்தவை. திரும்பிப் போகாதவை.

இடுக்கில் சொட்டு.

அவள் அந்தப் பக்கம் ஓடவில்லை. அவனிடம் போகத் தோன்றவே இல்லை. கட்டிலின் அந்த முனையில் உயிரோடு, சூடாக, அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளைத்தான் பார்த்தாள். இவளும் எழுந்து போய்விடுவாள். விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு. அப்புறம் இந்தச் சாம்பல். இந்தச் சொட்டு. எப்போதைக்கும்.

குணசுந்தரி எழுந்தாள். கொடியில் பவானியின் பழைய நைட்டி தொங்கியது, கம்பெனிக்குப் போன நாளில் கழற்றிப் போட்டது. அதை இழுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பவானி அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தொண்டையில் தண்ணீர் கரகரத்தது.

"கைய வுட்டுட்டியேடி," என்றாள்.

தங்கையின் அழுகை சட்டென்று நின்றது. நைட்டிக்குள்ளிருந்து முகம் மெல்ல எழுந்தது. கண்களில் பயம். பயத்தை முந்திக்கொண்டு ஒரு சந்தோஷம்.

"அக்கா?"

"தொவைக்காதடி," என்றாள் பவானி. "போட்டுக்கோ."