ஒன்பதாம் தடத்து நீலக்கொடி

அன்று மதியம் நான் வேலைக்கு வந்தபோது ரயில் யார்டு முழுவதையும் பனிமூட்டம் மூடியிருந்தது. நெப்ராஸ்காவில் ஜனவரி மாதம் இப்படித்தான். வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வறைக்குள் நுழைந்தால், மேசை மீது பளபளவென்று ஒரு புத்தகக் கட்டு. மெரிடியன் வெஸ்டர்ன் சரக்கு ரயில் கம்பெனியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு. ஆளுக்கு ஒன்று இலவசம்.

புரட்டிப் பார்த்தேன். புல்வெளியில் போட்ட முதல் தண்டவாளம், தாடி வைத்த முதலாளிகள், வாங்கி விழுங்கிய சின்னக் கம்பெனிகள், நீராவி, டீசல். மலையைக் குடையும்போது வெடியில் செத்த கூலிகளுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கே இல்லை என்றால் ஆர்லோ நெமெச்சுக்கு எங்கே இருக்கப்போகிறது? புத்தகத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆர்லோ எங்கள் யார்டு மெக்கானிக். போன குளிர்காலத்தில், ஒன்பதாம் தடத்தில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று பிரேக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தான். ரயில் நகர்ந்துவிட்டது. பெட்டிகளின் கொக்கிகள் இரண்டும் அவன் இடுப்பில் வந்து சேர்ந்தன.

ரயிலுக்கு அடியில் வேலை பார்க்கிறவன் தண்டவாளத்தில் நீலக்கொடி குத்திவைக்க வேண்டும். கொடி நிற்கும்வரை எந்த எஞ்சினும் அசையாது. வைத்தவன்தான் அதை எடுக்க வேண்டும்; கம்பெனித் தலைவரே வந்தாலும் தொடக்கூடாது. எங்களுக்கு இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. விசாரணையில் கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? ஆர்லோ கொடியே வைக்கவில்லையாம். அன்று ரயிலை ஓட்டியவனும் முன்னால் கொடி இல்லை என்றான். அவன் பொய் சொல்கிறவன் அல்ல. தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று ஆர்லோ மேல் பழியைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அவன் மனைவி டொரீன் கடைக்குப் போனால், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம், பாவம்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவள் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். கொடி வைக்காமல் அந்த மனிதன் ஷூ கயிறு கட்டக்கூடக் குனியமாட்டான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை.

எஞ்சினில் ஏறி உட்கார்ந்ததும் வயர்லெஸ் கரகரத்தது. யார்டு மேலாளர் ஹாஸ்கல்.

"மார்லிஸ், ஒன்பதுல நிக்கிற தானிய ரயில வெளிய இழு. டைரக்டருங்களோட ஸ்பெஷல் ரயில் வரப்போகுது. யார்டு சுத்தமா இருக்கணும்."

பிரேக்கில் கை வைத்தேன். கண்ணாடிக்கு வெளியே பனி மெல்ல விலகியது.

தண்டவாளத்தின் நடுவே ஒரு நீலக்கொடி.

"கொடி நிக்குது சார்."

"கனவு காண்றியா? அங்க ஆளே இல்ல."

ஆட்குறைப்புக்குப் பிறகு மிஞ்சியிருந்த ஒரே மெக்கானிக் வேட் குறுக்கிட்டான். "மார்லிஸ், நான் ஓய்வறையில காபி குடிச்சிட்டிருக்கேன். சத்தியமா நான் வெக்கல."

ஜன்னலைத் திறந்தேன். ஈரக் காற்றோடு ஒரு வாசனை உள்ளே வந்தது. புதினா போட்ட மெல்லும் புகையிலை. அந்த நாற்றத்துக்காக ஆர்லோவை நாங்கள் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

பின்னால், பெட்டிகளுக்கு அடியில், யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

டக்.

டக்.

"நான் நகத்த மாட்டேன் சார்," என்றேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

ஹாஸ்கல் தன் பிக்கப் வண்டியில் பறந்து வந்தார். இறங்கும்போதே கத்தினார். "நாளையிலிருந்து நீ வீட்ல உக்காந்து பூனை வளரு!"

பிறகு கொடியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனால் கை தயங்கவில்லை. குனிந்து, ஒரே திருகலில் பிடுங்கி, வண்டியின் பின்னால் வீசினார். அந்தக் கைக்கு அது புது வேலை இல்லை. அதைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவி!

"இப்ப இழு!"

அவர் முதுகுக்குப் பின்னால் கொடி நின்றது.

திரும்பினார். பிடுங்கினார். வீசினார். கொடி நின்றது. மறுபடியும் பிடுங்கினார். வண்டியின் பின்புறம் நீலக்கொடிகள் குவிந்தன. அவர் உள்ளங்கைகள் கிழிந்து ரத்தம் வடிந்தது. தண்டவாளத்தில் கொடி நின்றுகொண்டே இருந்தது.

தட்டும் சத்தம் பெட்டி பெட்டியாக முன்னால் வந்தது.

ஹாஸ்கல் தோளில் மாட்டியிருந்த மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலறினார். "அன்னிக்கும் நான்தான்டா புடுங்கினேன்! நேரமாச்சுன்னு புடுங்கினேன்! செத்தவனுக்கு எதுக்குடா கொடி?"

மைக்கின் பொத்தான் அவர் விரலுக்கு அடியில் அழுந்தியிருந்தது. யார்டில் இருந்த ஒவ்வொரு வயர்லெஸ்ஸிலும் அது கேட்டது.

பிறகு வேட்டின் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தான். "டொரீனுக்கு போன் பண்ணுங்கடா. இப்பவே பண்ணுங்க."

ஹாஸ்கல் சரளைக்கல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு கை கொடுத்து எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை அதற்காக வருத்தமும் இல்லை.

தட்டும் சத்தம் நின்றிருந்தது. ஒன்பதாம் தடத்தில் கொடியும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

அப்போது மெயின் லைன் பக்கம் நீளமாக ஒரு ஹாரன். டைரக்டர்களின் ஸ்பெஷல், பளபளக்கும் பெட்டிகளோடு, யார்டின் வாசலில் நின்றுவிட்டது. அதன் மூக்குக்கு முன்னால், பனியில், நீலமாக ஒன்று தெரிந்தது.

வயர்லெஸ்ஸில் ஒரு புதிய குரல் அதட்டியது. பெரிய இடத்துக் குரல். "என்ன நடக்குது இங்க? யாராவது வந்து இந்தக் கொடிய எடுங்க!"

யாரும் அசையவில்லை. வேட் சொன்னான். "வெச்சவர்தான் சார் எடுக்கணும். சட்டம் உங்களுதுதான்."

"அப்ப வெச்சது யாருய்யா?"

வயர்லெஸ் கரகரத்தது. இரண்டு இரும்புகளுக்கு நடுவிலிருந்து வருகிற மாதிரி, மூச்சு முட்டிய ஒரு குரல், நிதானமாகப் பதில் சொன்னது.

"நான்தான் சார், ஆர்லோ நெமெச். இன்னும் வேலை முடியல. நகத்தாதீங்க."