பூச்சி தொடாத புனிதர்

தேவாலயக் காவல்காரி எர்சிலியா விடிந்ததும் விடியாததுமாக வந்து கதவைத் தட்டினாள்.

"ஒத்தாவியோ அண்ணே, மாடத்துல இருந்த புனிதர் சிலையைக் காணோம். மத்தியானத்துக்குள்ள கிடைக்கலேன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போன்னு மேயர் சொல்லிட்டாரு. இருபது வருஷ வேலை, அண்ணே."

ஒத்தாவியோ கல்குவாரியில் முப்பது வருடம் பாறை உடைத்தவர். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"சாவி எங்க இருக்கும்?"

"பூந்தொட்டிக்கு அடியில. ஊருக்கே தெரியும்."

நாவிதன் ஃபுல்வியோ பாதி மழித்த முகத்தோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். "கீழூர்க்காரனுங்கதான் அண்ணே. நம்ம புனிதரைப் பாக்க பஸ்ஸு பஸ்ஸா ஆள் வருதுன்னு வயித்தெரிச்சல்."

ஊர் முகப்பில் மேயர் துல்லியோ நட்ட பலகையும் அதைத்தான் சொன்னது: எண்ணூறு வருடமாகப் பூச்சி தொடாத மரப் புனிதர்.

தேவாலயத்தில் புனிதர் நின்ற மாடத்தில் மாவு போன்ற மரத்தூள் சிந்திக் கிடந்தது. ஒத்தாவியோ அதை விரலில் தொட்டு ஊதினார். சரிவுக்கு வந்து தோப்பைப் பார்த்தார். பழுத்தால் தானே உதிரும் கஷ்கொட்டைகள் இன்னும் பச்சை முள்ளோடு மரத்திலேயே தொங்கின. கொட்டைகளைப் புகைபோட்டு உலர்த்தும் மேயரின் குடிசையில் மட்டும் புகை.

"நட, ஃபுல்வியோ. மேயரையும் கூட்டிட்டு வா."

ஃபுல்வியோ கூட்டிவந்த மேயர் குடிசை வாசலில் வியர்த்து நின்றார்; எர்சிலியாவும் வந்து சேர்ந்தாள். "சும்மா சுத்தம் பண்ண நெருப்பு போட்டேன்யா."

"கொட்டை விழ இன்னும் மூணு வாரம் இருக்கு. அப்ப எதைக் காய வைக்கிறீங்க?" என்றார் ஒத்தாவியோ. "மாடத்துல கிடக்குறது மரத்தை அரிக்கிற பூச்சியோட தூள். திருடனா இருந்தா பூச்சி அரிச்சதை எதுக்குத் தூக்குறான்? பூச்சின்னா மானம் போறது பலகை வச்சவருக்குத்தான்."

ஃபுல்வியோ கதவைத் தள்ளினான். மேலே மூங்கில் தட்டில், புகையில் தொங்கவிட்ட பன்றித் தொடை மாதிரி கறுத்துப்போய், மூன்றடிப் புனிதர் படுத்திருந்தார்.

"புகையில வச்சா கொட்டையில புழு சாகுதே," என்று மேயர் முனகினார். "இவருக்கு மட்டும் ஆகாதா? ரெண்டு நாள்ல திருப்பி வச்சிடலாம்னு பாத்தேன்."

"அதுக்குள்ள என் வேலையைப் பறிச்சிருப்பீங்க," என்றாள் எர்சிலியா.

எர்சிலியா புனிதரைக் கைகாட்டினாள்.

"சரி, தூக்குங்க. சந்தை வழியா."

"சந்தை வழியாவா? இன்னிக்கு வியாழக்கிழமை, ஊரே சந்தையில நிக்கும், எர்சிலியா."

"தெரியும்."

மேயர் புனிதரைத் தோளில் போட்டு, கரி அப்பிய முகத்தோடு தும்மிக்கொண்டே தேவாலயப் படியேறினார். எர்சிலியா முன்னால் நடந்தாள், கதவைத் திறந்துவிட.