பெயின்ட் ரூம் மைக்

ஒரகடத்து அந்தக் கம்பெனியில் மெஷின் ஓடாத நாள் வருடத்துக்கு ஒன்றுதான், ஆயுத பூசை. காலை பத்து மணிக்கு அமலா பழைய ஸ்டோர் ரூமைத் திறந்தபோது, வெளியே ஷெட்டில் பெண்கள் மெஷின்களுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எலிப் புழுக்கை நாற்றம். துருவேறிய ரேக்கின் கீழ்த்தட்டில், சாக்கு போட்டு மூடிய ஆம்ப்ளிஃபையர். இரண்டு வருடமாக யாரும் தொடாதது.

சாக்கை உருவியதும் தின்னர் வாடை அடித்தது.

பெயின்ட்டில் ஊற்றுகிற தின்னர் இங்கே எப்படி வரும்? அமலா யோசிக்கவில்லை. யோசிப்பதை அவள் விட்டு ரொம்ப நாளாகிறது.

சூப்பர்வைசர் திருநாவுக்கரசு வாசலில் வந்து நின்றார். "பன்னெண்டு மணிக்கு பூச. புது மைக் செட்டு எமர்ஜென்சிக்கு மட்டும்தானாம், மேனேஜர் தொட வுடமாட்றாரு. இத்த ரெடி பண்ணி பாட்டு போடு."

"இது வாணாம் சார்."

"ஏன், கடிச்சிருமா? நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்சிட்டு ஒரு ஆம்ப்ளிஃபையருக்கு மூஞ்ச தூக்கிகினு கீற. திங்கக்கெழம பெர்மனென்ட் லிஸ்ட் போவுது. உன் பேரு கீது. பாத்துக்கோ."

மண்ணூரில் அவள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அமலா. வாங்கி மூன்று வருடம் டிரெய்னி. பெர்மனென்ட் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வேறு எதற்கும் இல்லை. நல்லவள் என்பதற்காக நிச்சயம் இல்லை.

முத்துச்செல்வி பெயின்ட் கலக்கும் அறையில் வேலை பார்த்தவள். தூத்துக்குடிப் பக்கம். அந்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவசரம் என்றால் சுவரில் ஒரு மைக் உண்டு; அதில் பேசினால் இந்த ஆம்ப்ளிஃபையர் வழியாக ஷெட் கூரையில் மாட்டிய ஹார்ன் ஸ்பீக்கர்களில் கேட்கும். எதற்குக் கூப்பிட்டாலும் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "ஏ பிள்ள, கேக்கா?" என்பாள். மொத்த ஷெட்டும் சிரிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்த அறையின் கதவு சிக்கிக்கொண்டது. காற்றிழுக்கும் ஃபேனும் நின்றுபோனது. நாற்பது நிமிடம் கழித்துக் கதவை உடைத்தார்கள். மைக் அவள் கையில் இருந்தது. கட்டை விரல் பட்டனை அழுத்தியபடியே விறைத்திருந்தது.

ஷெட்டில் ஒரு ஹார்னும் கத்தவில்லை.

நெஞ்சுவலி என்றது கம்பெனி. மறுநாளே புது செட் வந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அமலா மைக்கில் பேசிப் பார்த்து, செக்லிஸ்ட்டில் டிக் போட வேண்டும். அந்த மாதம் ஆடிட்டர் வந்துவிட்டார். "ஒண்ணொண்ணா போய்ப் பேசிகினு இருப்பியா? டிக் போடும்மா" என்றார் திருநாவுக்கரசு. நாலு வாரக் கட்டத்தையும் அமலா ஒரே மூச்சில் நிரப்பினாள். முத்துச்செல்வி செத்தது அதற்கு மறுநாள்.

அமலா அழவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, பச்சை மிளகாயைக் கடித்தால்கூட.

ஆம்ப்ளிஃபையரைப் பெஞ்சில் வைத்தாள். சோதனைக்கு ஒரு பழைய ஹார்னை மட்டும் பின்னால் மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை.

பிறகு வந்தது.

டொக். டொக்.

மைக் எதுவும் மாட்டியிருக்கவில்லை. வால்யூமைச் சுழியத்துக்குத் திருகினாள்.

டொக். டொக்.

ப்ளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். விளக்கு அணைந்தது. உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூடியைக் கழற்றி, ரெசிஸ்டர் வைத்து அதையும் வடித்தாள். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"ஏ பிள்ள... கேக்கா?"

தின்னர் வாடை தொண்டை வரை ஏறியது.

அமலாவின் கை பழகிய வேலையை அது பாட்டுக்குச் செய்தது. ஸ்பீக்கர் லைனில் இருந்த ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடிக்குள் கரி. எப்போதோ எரிந்துபோனது. அது எரிந்தால் ஹார்னுக்கு ஒரு முனகல்கூடப் போகாது. ஒரு தடவை மைக்கில் பேசிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாற்ற இரண்டு நிமிடம்.

"கேக்கா?"

"கேக்குதுக்கா," என்றாள் அமலா.

ஹார்னில் மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. பிறகு, மெதுவாக:

"அப்ப... அன்னைக்கு?"

அமலா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றரைக்குத் திருநாவுக்கரசு சர்வீஸ் ஷீட்டோடு வந்தார். "இன்னாமா, ஆச்சா? எர்த் லூஸ், சரி பண்ணியாச்சுன்னு எழுதி கையெழுத்து போடு."

அவள் எழுதினாள். 'ஸ்பீக்கர் ஃப்யூஸ் எரிந்திருக்கிறது. முத்துச்செல்வி இறந்த அன்றும் அப்படித்தான் இருந்தது. சோதிக்காமலே நான் டிக் போட்டேன். போடச் சொன்னது சூப்பர்வைசர்.' கீழே முழுப் பெயர், தேதி.

அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். முகம் வெளுத்தது.

"லூசா நீ? திங்கக்கெழம லிஸ்ட் போவுதுடி."

"போவட்டும் சார்."

"உன் பேரு இருக்காது."

"அவங்க பேரும் எதுலயும் இல்ல சார்."

திருநாவுக்கரசு ஷீட்டை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தார். "நீ ஒண்ணும் எழுதல. நான் ஒண்ணும் படிக்கல. வா, பூசைக்கு நேரமாச்சு."

ஷெட்டில் கற்பூரம் ஏற்றத் தயாராக இருந்தார்கள். கையெல்லாம் சந்தனத்தோடு நின்ற மெஷின்காரி சசிரேகா திரும்பி, கூரையைப் பார்த்தாள். "யாருடி அது மைக்ல?"

மைக்கில் யாரும் இல்லை. புது செட்டின் சாவி மேனேஜர் பையில் இருந்தது. ஆனால் பன்னிரண்டு ஹார்னும் ஒன்றாகத் தட்டின.

டொக். டொக்.

கற்பூர வாடையை அமுக்கிக்கொண்டு தின்னர் வாடை பரவியது. திருநாவுக்கரசின் கை, தானாகவே, சட்டைப் பையை மூடியது.

"சார்," என்றது கூரை. "ஒங்களுக்குக் கேக்கா?"